கயிறு ஜப்தி

மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் மாற்றிய வருஷம், எண்ணூர்க் கரையில் எங்கள் குப்பத்து மணலில் சர்க்கார் இலாகா ஒன்று சவுக்கு நட்டது. கடலுக்கும் குடிசைகளுக்கும் நடுவே முள்கம்பி வேலி. புறம்போக்காம், அவர்களுடையதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மரத்தின் மேல் எனக்கு என்ன கோபம்? கரைவலை இழுக்க நீண்ட மணல் வேண்டும். படகில் போய் வலையை வளைத்துப் போட்டு, கயிற்றின் இரு முனைகளையும் கரைக்குக் கொண்டுவந்து, ஊரே பிடித்துப் பின்னால் நடந்தால்தான் மீன் வரும். தெற்கே அலைக்குத் தடுப்பாகப் பாறை கொட்டிவிட்டார்கள். வடக்கே தொழிற்சாலைச் சுவர். மிச்சம் இந்த மணல்தான். மனு கொடுத்தோம். "வேறு இடத்தில் இழுங்கள்" என்றார் அந்த இலாகா ஆபீசர். கடலுக்குள் நின்றா இழுப்பது?

கவலை மீன் கூட்டம் கரையோரம் வந்த அன்று என் வீட்டுக்காரர் திருமலை தயங்கினார்.

"கேஸ் போட்டா இன்னா பண்றது, பச்சையம்மா?"

"போட்டா போட்டுக்கினு போறான். நீ வலையப் போடு!"

வலையைப் போட்டார்கள். சவுக்குக் கன்று இல்லாத இடமாகப் பார்த்து நாலு வேலிக் கம்பங்களைப் பிடுங்கி ஓரமாக வைத்தோம். ஒரு கன்றைக்கூட மிதிக்கவில்லை. பாதி இழுத்திருப்போம், ஜீப்பில் ஆபீசர் வந்து இறங்கினார். "கயிறு ஜப்தி!" என்று கத்திக்கொண்டே, எங்களுக்குப் பின்னால் மணலில் கிடந்த கயிற்று முனையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். தோப்புக் காவலாள் சௌக்கத் அலியும் ஜீப்பில் வந்த இன்னும் நாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

மறுமுனையில் வலை இருப்பது கோபத்தில் அவருக்கு உறைக்கவே இல்லை. நான் கண்ணைக் காட்டினேன். எல்லோரும் குரல் கொடுத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து இழுத்தோம். சட்டை நனைய, பல்லைக் கடித்துக்கொண்டு ஜப்தி செய்தார் மனுஷன். வலை கரையேறியது. உள்ளே கவலை துள்ளியது.

கயிற்றில் கை வைத்தவனுக்குப் பங்கு உண்டு; எங்கள் கரையில் அது மாறாது. ஆறு பங்கு தனியாகக் குவித்தேன்.

"இன்னாய்யா பாக்கற? உன் பங்கு, எட்த்துக்கோ."

"நான் ஜப்தி பண்ண வந்தவன்! வேலியைப் பிடுங்கினதுக்குக் கேஸ் எழுதுவேன்!"

"எழுது. வலைய யாரு யாரு இழுத்தாங்கன்னும் எழுது. உன் பேரு மொதல்ல வரணும், நல்லா இழுத்த."

குப்பமே சிரித்தது. ஆபீசர் முகம் சிவந்து, கம்பங்களை மறுபடி நடச் சொல்லித் தன் ஆட்களிடம் கத்தினார். சௌக்கத் அலி அதற்குள் தலைத்துண்டை அவிழ்த்து மீனை அள்ளிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கையிலயும் மீனு சார்" என்றார்.

ஆபீசர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்து விரலை நீட்டினார். "நாளைக்குப் போலீஸோட வரேன்!"

"கூட்டிக்கினு வா" என்றேன். "நாளைக்கும் இங்கதான் வலை போடுவோம். கயிறு புடிக்க ஆளு பத்தல."