புர்கி கம்பத்தைக் கோத்தாளா?

பனிச்சறுக்குப் பந்தயத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றதும் புர்கி நிமிர்ந்து நேரம் காட்டும் பலகையைப் பார்த்தாள். அவள் பெயர்தான் முதலில் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஃபால்பாக் ஊரே மாட்டு மணிகளை ஆட்டிக் கூச்சல் போட்டது. வேறு யாராக இருந்தாலும் கையைத் தூக்கிக் குதித்திருப்பார்கள். இவள் என்னவென்றால் இடது காலை மடக்குவதும் நீட்டுவதுமாக முழித்துக்கொண்டு நின்றாள்.

கோத்தேனா, இல்லையா?

மேலே செங்குத்துச் சரிவு முடிகிற இடத்தில் அடுத்தடுத்து இரண்டு கம்பங்கள். முதலாவதில் இடப்பக்கம் திரும்பும்போது ஏதோ தட்டியது. கம்பம் இடது காலுக்கு வெளிப்புறமாகப் போயிருந்தால் சரி. இரண்டு காலுக்கும் நடுவே புகுந்திருந்தால் தப்பு. அதைத்தான் அந்த ஊரில் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி ‘கோத்துட்டா’ என்பார்கள். கோத்தவள் அடுத்த கம்பத்துக்குப் போகக் கூடாது, கையைத் தூக்கிவிட்டுத் தானே ஒதுங்க வேண்டும். புர்கியும் எத்தனையோ தடவை அப்படி ஒதுங்கி, தொங்கிய முகத்தோடு வீடு வந்தவள்தான். ஆனால் அப்போதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. சந்தேகம் என்று ஒன்று வந்ததே இல்லை.

பயிற்சியாளர் கொட்ஹார்ட் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“ஏண்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? அந்த இடம் உனக்குத்தான்டி!”

தேசிய அணியில் ஒரே ஓர் இடம். இந்தப் பந்தயத்தில் முந்துகிறவளுக்கு அது. முட்டியில் இரண்டு முறை கத்தி வைத்து, குளிர்காலங்களைக் கட்டிலில் கழித்த இருபத்து நாலு வயதுக்காரிக்கு, இது போனால் போனதுதான். இரண்டாவதாக வந்திருந்தவள் ஃபீனி. அவளும் இதே சங்கத்துப் பெண், புர்கியை விடச் சின்னவள், அவளோடு ஒரே அறையில் தங்குகிறவள்.

“மாஸ்டர், கோத்துட்டேனோன்னு இருக்கு.”

“இருக்குன்னா என்ன அர்த்தம்? கோத்தியா, கோக்கலையா?”

“தெரியல.”

“தெரியலைன்னா கோக்கலை. அவ்வளவுதான். அந்தக் கம்பத்துல நின்னு பார்த்தது உன் மாமன்தானே? தப்புன்னு அவன் எழுதலையே! சும்மா வாயைக் குடுத்து மாட்டிக்காத.”

ஃபீனி வந்து கட்டிப்பிடித்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “போய்த் தொலைக்கா. அறை முழுக்க இனிமே எனக்குத்தான்” என்று சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பரிசு கொடுக்க இன்னும் நேரம் இருந்தது. சரிவில் ஆளை ஏற்றிவிடும் இழுவைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு புர்கி மறுபடி மேலே போனாள்.

கம்பத்தடியில் தன் சறுக்குத் தடத்தைப் பார்க்கலாமென்றால் அதற்குள் ஆட்கள் பனியை வழித்துச் சமமாக்கிவிட்டார்கள். வேலை என்றால் இவர்களுக்கு இன்றைக்குத்தான் இத்தனை சுறுசுறுப்பு! வின்சென்ஸ் மாமா மட்டும் கம்பங்களைப் பிடுங்கித் தோளில் சாத்திக்கொண்டிருந்தார். யார் எந்தக் கம்பத்தில் நின்று கவனிப்பது என்று சங்கத்தில் சீட்டுப் போடுவார்கள். மாமா ஒரு முழுப் பாலாடைக்கட்டியைக் கொடுத்து இந்த இடத்தை மாற்றி வாங்கியிருந்தார்.

“மாமா, நான் கோத்தேனா?”

“கோத்தேன்னு எழுதினேனா?”

“எழுதினதைக் கேக்கல. பார்த்தீங்களா?”

மாமா எதிரே இருந்த மலையைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார்.

“சேசு மரி சூசையே, என்னைப் போட்டுக் கொல்லாத. கண்ணை மூடிக்கிட்டேன்டி! அன்னைக்கு நீ விழுந்து முட்டி திரும்பினதை இந்தக் கண்ணால பார்த்தவன் நான். நீ வர்ற சத்தம் கேட்டுச்சா, தானா மூடிக்கிச்சு. தொறந்தா நீ கீழ போயிட்ட.”

“கண்ணை மூடிக்கத்தான் கட்டியைக் குடுத்து இடம் வாங்கினீங்களா?”

“விழுந்தா தூக்கணுமேன்னு வாங்கினேன்.”

புர்கி பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இனி யாரைக் கேட்பது?

“கழட்டு” என்றார் மாமா. “உள்பக்கம் அடின்னா கோத்திருக்க. வெளிப்பக்கம்னா கோக்கலை.”

காலணியையும் முன்கால் கவசத்தையும் கழற்றி உடையைச் சுருட்டிவிட்டாள். உள்பக்கமும் நீலம், வெளிப்பக்கமும் நீலம், இடையில் போன வாரத்துப் பச்சை வேறு. ஒன்றும் புரியவில்லை.

“எங்க புதுசா வலிக்குதுன்னு சொல்லு.”

“அமுக்குங்க, சொல்றேன்.”

“அமுக்கிக்கிட்டுத்தானே இருக்கேன்!”

புர்கி குனிந்து பார்த்தாள். மாமாவின் கட்டைவிரல் சதைக்குள் புதைந்திருந்தது. நகம் வெளுத்திருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் விரலை வெளிப்பக்கத்துக்கு மாற்றினார். அங்கும் இல்லை.

“வலது காலை அமுக்குங்க.”

அமுக்கினார். “ஆ!” என்று கத்திவிட்டாள்.

முதல் தடவை கத்தி வைத்தபோதே கொஞ்சம் மரத்துப்போயிருந்தது. போகப் போகச் சரியாகும் என்றார் மருத்துவர். சரியாகிவிட்டது என்று இவள்தான் புளுகினாள். குளிரில் யாருக்குத்தான் கால் மரக்காது என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள். இன்றைக்குத் தட்டியதுகூடக் காதில்தான் கேட்டிருக்கிறது. காலுக்குத் தெரியவே இல்லை.

“யார்கிட்டயும் மூச்சு விடாத” என்றார் மாமா மெல்ல. “நானும் பார்க்கலை, நீயும் சொல்லலை. முடிஞ்சுது.”

கீழே ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் காலணியை மட்டும் மாட்டிக்கொண்டு அவசரப்படாமல் சறுக்கி இறங்கினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் இடது கால் ஒழுங்காகத்தான் போகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் காலைப் பார்த்துச் சறுக்கியதே கிடையாது. மேடைக்குப் பக்கத்தில் கொட்ஹார்ட் காத்திருந்தார்.

“மாமன் என்ன சொன்னான்?”

“ஒண்ணும் பார்க்கலையாம்.”

“அப்ப ஜெயிச்சது நீதான்.”

“இருக்கலாம். மாஸ்டர், ஃபீனியை அனுப்புங்க. அணிக்கு அவ போகட்டும்.”

“பைத்தியமா உனக்கு?”

ஃபீனி அவள் கையைப் பிடித்தாள். “கோத்தியாக்கா? உண்மையைச் சொல்லு.”

“சத்தியமா எனக்குத் தெரியாதுடி. இந்தக் கால் எனக்கு எதுவும் சொல்ல மாட்டேங்குது. செத்துப்போச்சு ஃபீனி. ரொம்ப நாளாவே.”

ஃபீனி நம்பவில்லை. அத்தனை பேர் பார்க்கப் பனியில் மண்டியிட்டு, அவள் முழங்காலுக்குக் கீழே கிள்ளினாள். “இங்க தெரியுதா?” இல்லை என்று புர்கி தலையாட்டினாள். “இங்க?” இல்லை. “அக்கா, இங்கயாவது?” ஃபீனி அழுதுகொண்டே கிள்ளிக்கொண்டிருந்தாள். எங்கேயாவது வலிக்காதா என்று புர்கி காத்திருந்தாள்.