தைசியாவுக்கு அடித்த அறிவித்தல்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் லா சப்பலில் ஓர் அச்சுக்கடைக் கண்ணாடியில், நம்மவர்களின் மரண அறிவித்தல்களுக்கு நடுவே, பந்தும் கையுமாக ஒரு வெள்ளைக்காரியின் படம். தோற்றம் 2009, மறைவு 2015. ஆறு வயதில் செத்தவளுக்கு இவ்வளவு உயரமா என்று யோசித்ததில் பஸ்ஸைத் தவறவிட்டேன். மீதி முழுக்க என் கற்பனை.

2.

"ரஷ்ய ஹாண்ட்போல் வீராங்கனை தைசியா, மொஸ்கோவில் பனி கொட்டிய ஒரு…"

சே! மொஸ்கோவை நான் எங்கே கண்டேன். கடைக்கார யேசுரட்ணத்தைப் பிடிப்போம். மன்னார் ஆள், அறுபதைத் தொட்டவர்.

2009 மே மாதம், ஊரில் விட்டுவந்த மகன் ஜெனிஸ்டன் வன்னியில் காணாமற்போனான். அதற்குப் பிறகு யேசுரட்ணம் செய்தி பார்ப்பதில்லை. கடைத் தொலைக்காட்சியை விளையாட்டுச் சானலில் விட்டவர், மாற்றவேயில்லை. டிசம்பரில் அதில் தைசியா வந்தாள். பாய்ந்து எறிந்தாள், விழுந்தாள், எழும்பினாள். அவள் எழும்பும்போதெல்லாம் அவருக்கு மூச்சு வந்தது. பிறகு பாரிஸ் பக்கத்துக் கழகமொன்றுக்கே அவள் விளையாட வந்துவிட, கேட்கவா வேண்டும்! கல்யாண அட்டை அடிக்க வந்த சனமெல்லாம், "அண்ணை, உங்கடை ரஷ்யாக்காரி நேற்று எத்தினை கோல்?" என்று கேட்டது.

(அவளுக்கும் ஜெனிஸ்டனுக்கும் ஒரே வயது என்று எழுதியிருந்தேன். மலிவான தந்திரம். வெட்டிவிட்டேன்.)

3.

2015இல் முழங்கால் போய், தைசியா விளையாட்டை விட்டாள். பத்திரிகை இரண்டே வரி போட்டது. யேசுரட்ணத்துக்குப் பொறுக்கவில்லை, பிரியாவிடை அடிக்க உட்கார்ந்தார். பதினைந்து வருடம் மரண அறிவித்தல் அடித்த கை, தன்பாட்டில் அதே வடிவத்தைப் போட்டுவிட்டது: அவள் திரையில் வந்த வருடம் தோற்றம், விளையாட்டை விட்ட வருடம் மறைவு.* கண்ணாடியில் ஒட்டிய அன்று மத்தியானத்துக்குள் இரண்டு பேர் துக்கம் விசாரித்துவிட்டார்கள்.

*மெழுகுதிரியை மட்டும் எடுத்துவிட்டாராம். சுற்றிவர ஓடிய பூக்கரை அப்படியே இருந்தது.

மனைவி மேரிறோஸ் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள். சிரிப்பாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"உவளுக்கு அடிச்சுப் போட்டியள். என்ரை பிள்ளைக்கு எப்ப அடிப்பியள்?"

"விசர்க்கதை கதையாதை. அவள் சாகேல்லை, விளையாட்டைத்தான் விட்டவள்."

"ஆறு வருசமாக் கோயிலிலை பூசைக்குப் பேர் குடுக்கேக்கை கேக்கினம், சுகத்துக்கோ, செத்தவையின்ரை ஆன்மாவுக்கோ எண்டு. சுகத்துக்கு எண்டு சொல்லிப்போட்டு வெளியிலை வந்து அழுறன். இனி ஏலாதப்பா எனக்கு."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். கணினியில் மகனின் படத்தை வைத்தார். பெயரை அடித்தார். பிறந்த திகதியை அடித்தார். பிறகு

4.

முடிவு ஒன்று: மறைவு, மே 2009 என்று அடிக்கிறார். மேரிறோஸ் ஆறு வருட அழுகையையும் அந்த இடத்திலேயே அழுது தீர்க்கிறாள்.

முடிவு இரண்டு: கடை வாசலில் ஜெனிஸ்டன் வந்து… வேண்டாம். பாவம், அவர்கள் நம்பிவிடுவார்கள்.

எத்தனையோ கதைகளில் ஒற்றை வரியில் ஆட்களைச் சாகடித்தவன் நான். இந்த ஒரு திகதியைப் போட எனக்குத் துணிவு வரவில்லை. யேசுரட்ணமும் எழும்பிப் போய்விட்டார். மேரிறோஸ் மட்டும் திரையைப் பார்த்தபடி நிற்கிறாள்.

கதிரை வெறுமையாகக் கிடக்கிறது. நீங்கள் வந்து உட்காருங்கள். அடிப்பதென்றால், அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அடியுங்கள்.