வெள்ளிக்கிழமைக் குரவை

என் சாச்சி, அதாவது சின்னம்மாவின் மகள் ஸுஹைறாவின் தொண்டையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் தும்மினால் மூன்றாவது வீட்டுக் கோழி கூட்டுக்குள் ஓடும். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அவள் சாய்ந்தமருதில் ஒரு பாலர் பாடசாலையில், பிள்ளைகளைச் சத்தம் போட வேண்டாம் என்று அதட்டும் வேலை பார்க்கிறாள். அவளால்தான் எனக்குக் கலியாணம் சரி வந்துவிட்டது என்று ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்கே தெரியவந்தது. எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

நான் றுஸ்தா. வயது முப்பத்தொன்று. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு அபாயா தைக்கிறேன். என் குரல் கட்டை. ஃபோனில் கதைத்தால், "தம்பி, உம்மாட்டக் குடுங்க" என்பார்கள். இப்போது திருத்துவதையும் விட்டுவிட்டேன், உம்மாவிடமே கொடுத்துவிடுகிறேன்.

எங்களோடு மூன்றாவது ஆள் அனிற்றா. கல்முனையில் மருந்துக் கடையில் நிற்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச் கொயரில் பாடுகிறாள். கம்ப்யூட்டர் வகுப்பில் பழக்கமாகி, பிறகு பாட்டுப் பைத்தியமும் ஒன்றாகவே பிடித்தது. மூன்று பேரும் சேர்ந்து ஓர் ஆல்பம் போடுவதென்று முடிவெடுத்தோம். வாத்தியம் கிடையாது, மூன்று தொண்டை மட்டும்தான். ஸுஹைறா யூடியூப் பார்த்து ஒபேரா பழகினாள். கட்டைக் குரலுக்கு ஜாஸ் என்று என்னை அடியில் நிறுத்தி "டூம் டூம்" போட வைத்தார்கள். சோல் இசையும், சேர்ச்சில் பாடும் கோஸ்பலும் அனிற்றாவின் பங்கு.

சொற்கள் எல்லாம் எங்களுடையவை. ஒபேராப் பாட்டு நெத்தலிக் கறி கருகிப்போனதைப் பற்றியது. அதில் "சட்டி" என்ற ஒரு சொல்லை ஸுஹைறா மூச்சு முட்டும்வரை பாடுவாள். ஜாஸ் பாட்டு, உடுப்புத் தைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதைப் பற்றியது. கோஸ்பல் பாட்டில் "இறைவா" என்று மட்டும் வைத்தோம், அது இரண்டு வீட்டுக்கும் பொருந்தும். கடைசிப் பாட்டில்தான் நாலு வகையும் ஒன்றாக வரும். அதன் முடிவில் ஸுஹைறா ஏறி ஓர் உச்சியில் போய் நிற்க வேண்டும். மற்றதெல்லாம் பதிந்தாயிற்று, அந்த ஒரு பாட்டுத்தான் மிச்சம்.

இந்த விஷயம் என் உம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். "வாப்பாக்குத் தெரியப்படாது. ஒழுங்கையில ஒருத்திக்கும் தெரியப்படாது" என்று சொல்லித்தான் மேல்மாடி அறையைத் தந்திருந்தா.

இதற்கிடையில் நிந்தவூரிலிருந்து ஒரு பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் பெயர் பர்ஸான், நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. தன் உம்மாவோடு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். ஆள் பரவாயில்லை, தேத்தண்ணியைச் சத்தமில்லாமல் குடித்தார். எனக்கு அவரிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கலியாணத்துக்குப் பிறகும் நான் பாடலாமா? அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்ததில் கேட்க வழியில்லாமல் போய்விட்டது.

என்னோடு படித்த ஆகிலா எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நல்ல பாட்டுக்காரி. அவள் பாடும்போது புருஷன் ஒருநாள் முகத்தைச் சுளித்தான், அவ்வளவுதான். இப்போது அவள் பிள்ளையைக் கூடத் தாலாட்டாமல்தான் தூங்க வைக்கிறாள். ஆகவே பர்ஸானிடம் கேட்காமல் ஓம் சொல்ல மாட்டேன் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"மத்தவள் எல்லாம் தொழிலப் பாத்து மாப்புள எடுக்கிறாள். நீ பாட்டக் கேட்டா எடுக்கப்போறாய்?" என்றா உம்மா.

"ஓம்" என்றேன்.

உம்மா அதோடு என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டா.

வெள்ளிக்கிழமை பகல்தான் நாங்கள் பதியும் நேரம். ஜும்ஆ முடிந்து, புரியாணியைத் தின்றுவிட்டு ஊரே படுக்கும். மீன்காரன் வரமாட்டான், பாண் விற்கும் ஆட்டோ வராது, மோட்டார் சைக்கிள்கள் கூடச் சத்தம் காட்டாது. ஆம்பிளைகள் குறட்டை விட, பொம்பிளைகள் மட்டும் பின்வளவில் சட்டி கழுவிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் சுவரில் மெத்தைகளைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை மூடிக்கொண்டு வெந்துபோவோம்.

அந்த வெள்ளி வெயில் பொல்லாத வெயில். பாட்டு உச்சிக்கு வரும் நேரத்தில் ஸுஹைறாவுக்குத் தலை சுற்றியது. விழுந்துவிடுவேன் என்று கையால் காட்டிவிட்டு, மெத்தையைத் தள்ளி ஜன்னலைத் திறந்தாள். திறந்தவள் வாயை மூடினாளா? தலையை வெளியே நீட்டிக்கொண்டே உச்சிக்கு ஏறி நின்றுவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து அப்படி ஒரு பொம்பிளைக் குரல் எழுந்தால் அது குரவை, நல்ல காரியத்துக்குப் போடும் குலவைச் சத்தம். கலியாணம் சரி வந்தால் போடுவார்கள், பிள்ளைக்குச் சுன்னத்து என்றால் போடுவார்கள், குமர்ப்பிள்ளை பெரியவள் ஆனாலும் போடுவார்கள். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளே இல்லை. இருப்பது கலியாணமாகாத நான்தான்.

முதலில் பக்கத்து வீட்டு மைமூனா சாச்சி (முறைக்கு மட்டும்தான் சாச்சி), கையில் சட்டியோடு, பதில் குரவை போட்டா. அதைக் கேட்டுப் பின்வீடு போட்டது. பிறகு ஒழுங்கை முழுக்க வீட்டுக்கு வீடு ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. ஸுஹைறா பயந்துபோய் ஜன்னலை மூடினாள். அதற்குள் வாசலில் செருப்புக் குவிந்துவிட்டது.

"என்னகா, ஆருக்கும் சொல்லாமப் பேசி முடிச்சிட்டியளா?" என்று மைமூனா சாச்சியின் குரல் கீழே கேட்டது.

நான் படியில் நின்றபடி உம்மாவைப் பார்த்தேன். மகள் மேலே ஒபேரா பாடுகிறாள் என்று சொல்வதா, கலியாணம் என்று சொல்வதா? உம்மா என்னை நிமிர்ந்தும் பார்க்காமல், "ஓம்... சரி வந்த மாதிரித்தான்" என்றா. பாவி மனிசி, ஒரு பாட்டை மறைக்க என்னையே கொடுத்துவிட்டா.

சத்தத்தில் வாப்பா இடுப்பில் சாரனைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்தார். வாசல் நிறைய ஆட்களைக் கண்டதும் யாரோ செத்துப்போனார்கள் என்று முகம் வெளிறிப்போனது. "ஆரு மவுத்து?" என்று கேட்டார்.

"மவுத்தில்ல காக்கா. கலியாணம்" என்றா மைமூனா சாச்சி.

"ஆருக்கு?"

"ஒங்கட மகளுக்குத்தான்."

வாப்பா சாரனை இறுக்கிக்கொண்டு, "நல்லம்" என்று கதிரையில் உட்கார்ந்தார். மைமூனா சாச்சியின் மருமகள் நிந்தவூர்க்காரி. அவளுடைய ஃபோன் அதற்குள் காதுக்குப் போயிருந்தது. மாப்பிள்ளையின் உம்மா ஆட்டோவில் ஏறிவிட்டாவாம்.

இனிப் பொறுக்க ஏலாது என்று கீழே இறங்கினேன். "கலியாணமுமில்ல, ஒண்டுமில்ல. அது பாட்டு" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "பாட்டெண்டா வார்த்த இரிக்குமே புள்ள" என்றா மைமூனா சாச்சி.

"இரிக்கி. மேல வாங்க, கேளுங்க."

வாப்பாவைக் கீழே விட்டுவிட்டுப் பொம்பிளைகள் எல்லாரும் மேலே ஏறினார்கள். கட்டிலில் நாலு பேர், மெத்தையில் சாய்ந்துகொண்டு ஆறு பேர், மிச்சம் படியில். அனிற்றா பழக்க தோஷத்தில் மைக்கை ஓடவிட்டாள். நான் "டூம் டூம்" தொடங்கினேன். "இந்தப் புள்ளைக்கு வயித்து நோவா?" என்று யாரோ கேட்டது பதிவில் இன்னும் இருக்கிறது. அனிற்றா கைதட்டத் தொடங்கியதும் அவர்களும் தட்டினார்கள். பிறகு ஸுஹைறா ஏறத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்துப் பர்ஸானின் உம்மா கையில் வட்டிலப்ப இனிப்புத் தட்டோடு அறை வாசலில் வந்து நின்றா. ஸுஹைறா உச்சியில் நின்றாள். அறையிலிருந்த ஒருத்தியாலும் வாயை அடக்க முடியவில்லை. எல்லாரும் சேர்ந்து குரவை போட்டார்கள். நிந்தவூர் மாமி தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு, எல்லாரையும் விட ஓங்கிப் போட்டா.

சத்தம் அடங்கியதும் மாமி வந்து என் கன்னத்தைத் தொட்டா. ஆனாலும் சொன்னேன்.

"மாமி, நான் இன்னும் ஓம் சொல்லல்ல."

உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா.

"அப்ப நான் என்னத்துக்குக் குரவை போட்ட?" என்றா மாமி.

"எங்கட பாட்டுக்கு."

மாமி மைமூனா சாச்சியைப் பார்த்தா. "பாட்டுக்கெல்லாம் குரவை போடலாமா?"

"போட்டாச்சே" என்றா மைமூனா சாச்சி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஒழுங்கையில் எத்தனையோ குமர்களுக்குக் குரவை கேட்டிருக்கிறேன், நானும் போட்டிருக்கிறேன். எனக்கே, நான் செய்த ஒரு வேலைக்கென்று கேட்டது அன்றைக்குத்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னேன்.

"மாமி, இந்தப் பாட்ட ஒங்கட ஃபோனுக்கு அனுப்புறன். ஒங்கட மகன் கேக்கட்டும். கலியாணத்துக்குப் பொறகும் நான் பாடுவன். அதுக்கு விருப்பமெண்டா வரட்டும். இல்லாட்டி வேணா."

மாமி ஃபோனை நீட்டினா. வட்டிலப்பத்தை எப்படியும் தின்று முடித்துவிட்டுத்தான் எல்லாரும் போனார்கள். வாப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு ஊசியில் நூல் கோக்கவும் கை ஓடவில்லை. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஒரு நேரம் நினைப்பேன், அடுத்த நேரம் ஆகிலாவை நினைப்பேன். புதன்கிழமை புது நம்பரிலிருந்து ஒரு கோல் வந்தது. பர்ஸான்தான்.

"அந்தப் பாட்டுட கடைசியில, எல்லாருக்கும் மேலால குரவை போடுறது எங்கட உம்மாவா?" என்று கேட்டார்.

"ஓம்."

"நானும் அப்பிடித்தான் நினைச்ச. உம்மா அத வாற போற ஆக்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுறா. ஆல்பத்துல பேர் வருமாண்டு கேக்கச் சொன்னா."

"வரும். நீங்க என்ன சொல்றீங்க?"

"எங்கட உம்மாவே பாடிட்டா. இனி நான் ஒங்கள எப்பிடி வேணாங்கிற? பாடுங்க." பிறகு, "அந்த டூம் டூம் நீங்களா?" என்றார்.

"ஓம்."

"அதத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்ட."

என் கட்டைக் குரலுக்கு அப்படி ஒரு மனிசன் இருப்பான் என்று நான் நினைக்கவே இல்லை. நேரே குசினிக்குப் போய் உம்மாவிடம் "ஓம்" என்றேன். உம்மா கரண்டியைப் போட்டுவிட்டு, கண்ணீரோடு, வீடு அதிர ஒரு குரவை போட்டா. பிறகு ஆட்கள் வருவார்கள் என்று இரண்டு பேரும் வாசலுக்கு ஓடிப்போய் நின்றோம்.

ஒருவரும் வரவில்லை. உம்மா இன்னொன்று போட்டுப் பார்த்தா. மதிலுக்கு அங்கால் மைமூனா சாச்சி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தா. திரும்பியும் பாராமல், "போன கிழமையவிட இப்ப நல்லா வருது புள்ள, விடாமப் பாடுங்க" என்றா.