சேலையூரில் மதிலைத் தள்ளிய ஆமை

1968 ஜூலையில், தாம்பரத்தை அடுத்த சேலையூரில், ஒன்றேகால் கிலோ எடையுள்ள ஆமை ஒன்று ஐம்பத்திரண்டு அடி நீளச் செங்கல் மதிலை மூன்றரை அடி தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தியது. அந்த வாரம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சின்ன வெங்காயம் விலை ஏறியிருந்தபடியால் ஊரில் பலருக்கு இதைப் பற்றிப் பேச நேரமில்லை.

ஆமை தபீதாள் டீச்சருடையது. டீச்சர் தாம்பரத்தில் பெண்பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டில், அவர் பாறைக்கு வெடி வைத்துத் தோண்டிய கிணற்றுடன் தனியாக இருந்தார். மே மாதத்திலும் வற்றாத கிணறு அந்தத் தெருவில் அது ஒன்றுதான். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் கன்னியம்மாவின் கூடையில், 1965-ல் ஒரு நாள், வஞ்சிரத்துக்கு அடியில் இந்த ஆமை உட்கார்ந்திருந்தது. சவுக்குத் தோப்பில் கூடையை இறக்கிவைத்தபோது ஏறியிருக்க வேண்டும். டீச்சர் அதை எடுத்து முற்றத்தில் விட்டதும் கன்னியம்மா பதறிப்போனாள்.

"இன்னா டீச்சரம்மா, இத்தப் போயி வூட்ல வுட்டுக்கினு! பேஜாராப் பூடும். குடும்பமே ஆடிப் பூடும்."

"எனக்குத்தான் குடும்பமே இல்லியே, கன்னியம்மா."

கன்னியம்மா யோசித்தாள். "அப்ப வெச்சிக்கோ" என்று மீனை நிறுத்துப் போட்டாள்.

வந்த அன்றே ஆமை காம்பவுண்டை ஏழு முறை சுற்றியது. டீச்சர் அதற்கு யோசுவா என்று பேர் வைத்தார். வேதாகமத்து யோசுவா ஏழு சுற்றுச் சுற்றி மதிலை விழவைத்தவர் என்பதால் சபையில் யாரும் காரணம் கேட்கவில்லை. மூன்று வருடம் அது ஒரே தடத்தில் சுற்றியதில் வேலியோரப் புல்லில் சாண் அகலத்துக்கு ஒரு பாதை விழுந்தது. டீச்சர் பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் அதன் குணங்களைக் குறித்துவந்தார். கழுத்தை முழுக்க நீட்டி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காலை எண்ணி வைத்தால் அது ஆர்வம்: சிவப்பாக எதையாவது பார்த்திருக்கிறது, செம்பருத்தியோ தக்காளியோ தபால்காரரின் பையோ. தலையை உள்ளே இழுத்து, மூக்கால் சீறி, ஓட்டின் முன்விளிம்பை இறக்கினால் அது எல்லைப் பிரச்சினை. யாரானாலும் வழிவிடுவது நல்லது. தபால்காரர் அசரியா இதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அதன்படியே நடந்து, ஒரு முறைகூடக் கடிபடவில்லை.

அடுத்த வீட்டுச் சுவிசேஷமுத்து ரயில்வேயில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சபைக் கமிட்டியில் பெரிய ஆள். 1967 கிறிஸ்துமஸுக்கு டீச்சர் பத்து நாள் நாசரேத்தில் தங்கை வீட்டுக்குப் போய் வந்து பார்த்தால், நடுவிலிருந்த முள்வேலி இல்லை. மூன்றரை அடி உள்ளே தள்ளி ஆறடி உயரத்துக்கு மதில் எழும்பியிருந்தது. கிணறு மதிலுக்கு அந்தப் பக்கம். பழைய எல்லைக்கல் அஸ்திவாரத்துக்குள். மனைப் பத்திரத்தைக் கரையான் எப்போதோ படித்து முடித்திருந்தது. இரண்டு பேரும் ஒரே சபை என்பதால் சண்டை போட முடியாது; ஆகவே வியாழக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரையொருவர் எதிர்த்து ஜெபித்தார்கள். டீச்சர், அயலானின் எல்லைக்குறியைத் தள்ளிவைப்பவன் சபிக்கப்பட்டவன் என்று உபாகமத்தில் வரும் வசனத்தை நினைவுகூர்ந்தார். சுவிசேஷமுத்து, தனிமையில் வாழும் சகோதரிகளுக்கு மனமயக்கம் வராமல் காக்கும்படி கேட்டுக்கொண்டார். மற்றவர்கள் இரண்டுக்கும் ஆமென் சொல்லிவிட்டுச் சுண்டல் சாப்பிட்டார்கள். டீச்சர் கோர்ட்டுக்குப் போனார்; தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நின்றார்.

யோசுவா யாரிடமும் கலந்து பேசவில்லை. தன் தடம் மதிலுக்குள் போய் மறைந்துவிட்டதைப் பார்த்தது. தலையை இழுத்துக்கொண்டது, சீறியது, முட்டியது. மறுநாள் டீச்சர் அடிக்குச்சியால் அளந்தபோது மதில் ஒரு நெல் அகலம் நகர்ந்திருந்தது. செங்கல் ஒன்றும் விரியவில்லை. மதில்மேல் காய்ந்துகொண்டிருந்த சுவிசேஷமுத்துவின் லுங்கியும் அப்படியே கூடப் போயிருந்தது. ஞாயிறு தவிர எல்லா நாளும் இது நடந்தது. ஜூன் கடைசியில் மதில் ஓரடி போயிருந்தது. அப்போதுதான் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது: ஜூலை பன்னிரண்டாம் தேதி அமீனா வந்து, மதில் எங்கே நிற்கிறது, கிணறு எந்தப் பக்கம் என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார். டீச்சர் பதிவேட்டில் கணக்குப் போட்டார். இந்த வேகத்தில் யோசுவாவுக்கு இன்னும் பதினைந்து மாதம் வேண்டும். இருப்பதோ பன்னிரண்டு நாள். அன்று அவர் சாப்பிடவில்லை. யோசுவா சாப்பிட்டது.

காரியத்தைக் கெடுத்தவர் சுவிசேஷமுத்துதான், தன் காரியத்தை. போன ஓரடி அவர் கண்ணிலும் பட்டிருந்தது. யாரிடமோ விசாரித்து, ஆமை கண்ணாடியைக் கண்டால் தன்னையே எதிரி என்று நினைத்து முட்டிக்கொண்டு கிடக்கும் என்று தெரிந்துகொண்டார். அவர் மனைவி செல்வமேரி தடுத்தாள்.

"அது எங்க அப்பா கல்யாணத்துக்குக் குடுத்த கண்ணாடிங்க."

"சும்மா இரு மேரி. பன்னெண்டு நாள் அது மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும். சுவரை மறந்துரும்."

பீரோவிலிருந்து ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி, மதில்மேலிருந்து டீச்சர் வீட்டுப் பக்கமாகத் தரையைத் தொடும்படி கயிறு கட்டி இறக்கினார். ஆமைகளைப் பற்றி அவர் கேட்டது சரி, பாதிதான் கேட்டிருந்தார். மதில் என்பது யோசுவாவுக்கு ஒரு தொந்தரவு, அவ்வளவே. கண்ணாடியில் தெரிந்ததோ இன்னொரு ஆமை, அதுவும் தன் தடத்திலேயே நின்றுகொண்டு. யோசுவா முதலில் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பிறகு மெதுவாகத் தலையை உள்ளே இழுத்தது. டீச்சர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

முதல் நாள் நாலு அங்குலம். மறுநாள் ஆறு. கண்ணாடி ஆமை ஒவ்வொரு முட்டுக்கும் பின்வாங்க, கண்ணாடியும் மதிலும் சேர்ந்து பின்வாங்கின. ஐந்தாம் நாள் கிணறு, கயிறு, ராட்டினம், துவைக்கும் கல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மதிலுக்கு அடியில் நனைந்த துணிபோல வழுக்கி இந்தப் பக்கம் வந்தன. ஏழாம் நாள் பழைய புல்தடம் வெளியே வந்ததும் யோசுவா நின்றது. அதற்குமேல் ஒரு நூல்கூடத் தள்ளவில்லை. திரும்பி, தடத்தில் ஏறி, ஏழு சுற்றுச் சுற்றிவிட்டுத் தூங்கப் போயிற்று.

ஆமை இருந்த வீட்டுக்குள் பன்னிரண்டாம் தேதி அமீனாவும் நுழைந்தார். இரண்டும் ஒரே நாளில் ஒரே முற்றத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டுமென்று கன்னியம்மா மீனை விற்காமலே வந்து காத்திருந்தாள். யோசுவா அமீனாவின் கையிலிருந்த காகிதக் கட்டைக் கண்டு கழுத்தை நீட்டியது. "பயப்படாதீங்க சார், ஆர்வம்தான்" என்றார் டீச்சர். அது நிதானமாகச் சிவப்பு நாடாவைத் தின்று முடித்தது. கட்டு தானாகப் பிரிந்துகொண்டது.

"யார் கட்டின சுவர்?" என்றார் அமீனா.

"நான்தான் சார் கட்டினேன்" என்று சுவிசேஷமுத்து மூச்சு வாங்கினார். "ஆனா இங்க கட்டல சார்! சத்தியமா இங்க கட்டல. இன்னும் மூணரை அடி உள்ள, டீச்சரம்மா கெணத்துக்கு அந்தாண்ட கட்டினேன்!"

"யாரு கெணறு?"

அவர் சொன்னபடியே 'டீச்சரம்மா கிணறு' என்று அமீனா எழுதிக்கொண்டார். மதில் நகர்ந்தது எப்படி என்ற இடத்தில், 'ஆமையால்' என்று எழுதி, டீச்சரிடமும் அசரியாவிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் பிடித்தார். கன்னியம்மா அன்று கொண்டுவந்த மீன் முழுவதையும் தெருவுக்குச் சும்மா கொடுத்தாள். டீச்சர் தன் கிணற்றில் முதல் வாளியை இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார், கட்டியிருந்த பட்டுப்புடவையோடு.

அடுத்த வியாழன் ஜெபக்கூட்டத்தில் இருவரும் பொதுவாக மழைக்கு ஜெபித்தார்கள். அதன்பின் படப்பை வரையில் எல்லைத் தகராறு வந்த வீட்டாரெல்லாம் கூடையோடு வந்து யோசுவாவை இரவல் வாங்கிப் போனார்கள். எதிர்க்கட்சி பெரும்பாலும் கூடையைக் கண்டதுமே சமாதானத்துக்கு வந்தது.

கண்ணாடி மட்டும் பழையபடி ஆகவில்லை. பீரோவில் திரும்ப மாட்டிய நாளிலிருந்து அதில் வேறு யார் முகமும் தெரியவில்லை; தோற்றுப்போன ஆமை ஒன்று தலையை உள்ளே இழுத்தபடி மூலையில் உட்கார்ந்திருந்தது. சுவிசேஷமுத்து சவரத்துக்கு சலூனுக்குப் போகத் தொடங்கினார். செல்வமேரிதான் மனசு கேட்காமல், டீச்சர் கிணற்றில் தண்ணீர் எடுத்து வரும்போது முருங்கைக்கீரையும் கொஞ்சம் பறித்துவந்து கண்ணாடி முன்னால் வைத்தாள். வெளியே வைத்த கீரை அப்படியே இருக்கும். கண்ணாடிக்குள் இருப்பது குறையும். 1977-ல் ஒரு காலையில் அது முதன்முதலாகக் கழுத்தை முழுக்க நீட்டி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவளைப் பார்த்தது. செல்வமேரி மதிலுக்கு மேலாக எட்டி, "டீச்சர், ஆர்வம்!" என்று கத்தினாள். டீச்சர் பதிவேட்டை எடுத்துத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார்.