இடது கன்னத்துக்கு மட்டும்

மாலை நான்கு பத்துக்கு, பஸ் நிலைய விசாரணைக் கவுன்டரில் இருந்தவளின் இடது கன்னம் இருபத்து மூன்று வயதுக்குப் போய்ச் சேர்ந்தது. வலது கன்னம் ஐம்பத்தொன்றிலேயே நின்றுவிட்டது. கண்ணாடிக்கு வெளியே நின்று பஸ் நேரம் கேட்ட ஆள், சொன்ன நேரத்தைக் காதில் வாங்காமல் அதையே இன்னொரு முறை கேட்டார். அவருக்குப் பின்னால் நின்றவரும் அப்படியே. அந்த வாரம் முழுக்க, ஊரை விட்டு எங்கும் போகிற உத்தேசமில்லாதவர்கள்கூட வரிசையில் நின்று, வராத பஸ்களைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள்.

காரணம், முகச்சுருக்கம் போக்கத் தடவுகிற ஒரு சீரம். முப்பது மில்லி, விலை அவளுடைய அரைமாதச் சம்பளம். அவள் கணவர் லாரி எடைமேடையில் சீட்டு போடுபவர். காலி வண்டி எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தே வாழ்ந்தவர். கல்யாணமான இருபத்தேழு வருடத்தில் அவளிடம் அவர் கேட்ட கேள்விகள் இரண்டுதான்: சாப்பாடு ஆச்சா, கேட்டைப் பூட்டியாச்சா. பெட்டி வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு மளிகைக்கடைத் தராசுக்குப் போய் வந்தார். "மொத்தம் இருநூத்திப் பத்து கிராம். அதுல சரக்கு முப்பது. லாரியக் காசு குடுத்து வாங்கி, உள்ள ஒரு வெங்காயம் வெச்சுக்கிட்டு வந்திருக்கே," என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அதனால் சிக்கனத்தில் இறங்கினாள். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வலப்பக்கம் இருந்தது. பத்தொன்பது வருடமாகத் திரும்பியே உட்கார்ந்து பதில் சொல்லிப் பழகியதில், பொதுமக்கள் பார்த்தது இடது கன்னத்தை மட்டும்தான். வலது கன்னத்தைப் பார்த்தது சுவரும் இரும்பு பீரோவும். பீரோவுக்கு எதற்கு அழகு என்று, காலையில் மூன்று சொட்டு, இரவில் மூன்று சொட்டு, மூக்குத்தண்டில் கோடு பிடித்தாற்போல இடப்பக்கம் மட்டும் தடவினாள். பலன் ஆளுக்கு ஆள் மாறும் என்று பெட்டியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஒரே ஆளுக்குள் மாறுமா என்பதைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஊர் பழகிக்கொண்டது. நிர்வாகம் அடையாள அட்டைக்கு இரண்டு புகைப்படம் கேட்டு வாங்கிக்கொண்டது. பஸ்ஸில் வலது பக்கத்தைக் காட்டினால் உட்கார இடம் கிடைத்தது, இடது பக்கத்தைக் காட்டினால் கண்டக்டர் சில்லறை இல்லை என்று சொல்வதில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த நாத்தனார் மட்டும் ஞாயிறுதோறும் போன் செய்தாள். "அண்ணி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. காசுக்குத் தகுமா, தகாதா? நானும் வாங்கணும்ல?" பாதி முகத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பார்க்கலாம் என்று வைத்துவிடுவாள்.

எடைமேடைக்காரருக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. கல்யாணமான மூன்றாம் வருடம் அவர் பார்க்காமல் திறந்த அலமாரிக் கதவு அவளுடைய இடது புருவத்தில் போட்ட தழும்பு, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. பிறகுதான் கவனித்தார். தழும்போடு அவரும் போயிருந்தார். அவருக்குப் பெண் பார்க்க வந்தபோது அவளுக்கு இருபத்து நான்கு. இருபத்து மூன்று வயதுக் கண்ணுக்கு அவர் யாரோ. காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் போகிற ஆளைப் பார்ப்பதுபோல அது அவரைப் பார்த்தது. இடப்பக்கமிருந்து "இந்தா" என்று கூப்பிட்டால் காதும் திரும்பவில்லை. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தால் பழைய கண் இருந்தது. அதில் சலிப்பு இருந்தது, அவரும் இருந்தார். அன்றிலிருந்து சாப்பிடும்போதும் டிவி பார்க்கும்போதும் அவளுக்கு வலப்பக்கமே உட்கார்ந்தார். போதாததற்கு, யாருக்கும் தெரியாமல் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஒரு நாள் இடப்பக்கமும் போய் நின்று பார்த்தார். "வழி விடுங்க சார்," என்றது அந்தப் பக்கத்து உதடு.

பாட்டிலில் பாதி மிச்சமிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் கண்ணாடி முன்னால் நின்று, "என்னங்க, மிச்சத்தை இந்தப் பக்கமும் போட்டுடலாம்னு இருக்கேன். கோணலா இருக்கு," என்றாள்.

"எதுக்கு? நல்லாத்தான் இருக்கு."

"நீங்கதானே வெங்காயம்னு சொன்னீங்க?"

அவர் பாட்டிலில் இருந்த மிச்சத்தைக் கண்ணால் அளந்தார். அந்தப் பக்கமும் போய்விட்டால் இந்த வீட்டில் அவரை அடையாளம் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். இதை எந்த மேடையில் ஏற்றி எடைபோட்டுக் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை பாட்டிலைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போனார். இரண்டு லாரிகளுக்கு நடுவே, சீட்டு அச்சிடும் மெஷின் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, இருந்த அத்தனையையும் தன் வலது கன்னத்தில் கவிழ்த்துத் தேய்த்தார். அவளுக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தால் அவளுக்குத் தெரிவது அந்தக் கன்னம்தான் என்பதை இரண்டு முறை உட்கார்ந்து பார்த்து உறுதி செய்துகொண்டிருந்தார். அவருக்கு ஐம்பத்தைந்து. மூன்று மணிக்குள் வலது பக்கம் இருபத்தேழுக்குப் போய்விட்டது. மணல் லாரி டிரைவர் சீட்டை வாங்கிக்கொண்டு, "தம்பி, அப்பா எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து காலி பாட்டிலை இருந்த இடத்தில் வைத்தார். அவள் அதை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மூடியைத் திருகி வைத்துவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்தாள். அவர் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். எதிரிலிருந்து பார்த்தவர்களுக்கு, இரண்டு ஓரத்திலும் இரண்டு கிழட்டுப் பாதிகள் காவலுக்கு உட்கார்ந்திருப்பதுபோலவும், நடுவில் முன்பின் தெரியாத இரண்டு இளசுகள் மாட்டிக்கொண்டதுபோலவும் இருந்திருக்கும். அவருடைய வலது பாதிக்கும் அவள் யாரென்று தெரியவில்லை. இதை அவர் யோசித்திருக்கவில்லை. அந்தப் பாதி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டது.

"நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்டது.

இருபத்தேழு வருடமாக அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் சொல்லத் தொடங்கினாள். திரும்பியே உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொள்வதை, கண்ணாடியில் பேசுவதற்கு விட்ட ஓட்டை குழந்தைகள் உயரத்துக்குத்தான் இருப்பதை, எங்கே போகவேண்டும் என்பதையே மறந்துவிட்டு அவளிடம் வந்து விசாரித்த ஒரு மனிதரை. சொல்லச் சொல்ல இடது கண் அவரிடமே இருந்தது. ஓரத்து வலது கண்ணும் சலிப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது. உலையில் வைத்த அரிசி குழைந்தது. கேட்டைப் பூட்டியாச்சா என்று யாரும் கேட்கவில்லை, யாரும் பூட்டவும் இல்லை.

அதனால் நாத்தனார் நேரே உள்ளே வந்துவிட்டாள். கையில் பர்ஸ் இருந்தது. வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். ஒருவரும் திரும்பவில்லை.

"அண்ணி, கடை மூடப் போறான். ஒரே வார்த்தை சொல்லுங்க, அது காசுக்குத் தகுமா, தகாதா?"