பூட்டிய கதவும் மூன்று இளநீரும்

காலை ஒன்பது மணி. மருதமுனைக் கடற்கரைப் பாடசாலையின் வாசலில் வெள்ளை வேன் வந்து நின்றது. அதிபர் பக்கீர் முகைதீனுக்கு அப்போதே வியர்த்துவிட்டது.

சுகாதாரப் போட்டி. மாணவர் நலம் பேணும் சிறந்த பாடசாலை எது என்று பார்க்க, கல்வி அலுவலகத்திலிருந்து மேனுஜா மிஸ் வந்திருந்தார்.

அதிபரின் பெருமை, பின்வளவில் இருந்த மலசலகூடம். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் கட்டித் தந்தது. நீல ஓடு, கண்ணாடி, பளபளக்கும் குழாய். நாலு வருடமாகப் பூட்டு. பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவார், போனதும் பூட்டுவார். "புள்ளைகள் ஊத்தையாக்கிப் போடுங்கள்" என்பார்.

பொடியன்மாருக்குத் தாழம்புதர் இருந்தது. பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார்கள். சுகாதாரக் கழகத் தலைவி றிஸ்னாவின் பக்கத்துக் கதிரை இன்று காலி. அவளுடைய கூட்டாளி நுஸ்கா, சிறுநீர்க் கடுப்பும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறக் கிடந்தாள்.

நேற்று அதிபரின் அறையைத் தூசு தட்டியவள் றிஸ்னா. அதற்குப் பிறகு ஆணியில் சாவி இல்லை. அதிபர் இன்னும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மேடையில் இருவருக்கும் பொன்னாடை. ஊர்த் தறியில் நெய்து குஞ்சம் வைத்தது. றிஸ்னாதான் போர்த்தினாள். பிறகு இளநீர் வந்தது.

"குடிங்க சேர். நீங்க குடிச்சாத்தானே மிஸ்ஸும் குடிப்பாங்க."

விருந்தாளிக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? குடித்தார். இரண்டாவது வந்தது.

"போதும் புள்ள."

"தண்ணி நல்லாக் குடிக்கோணும் எண்டு நீங்கதானே பெனர்ல எழுதியிரிக்கிங்க சேர்."

மூன்றாவதும் இறங்கியது.

பத்தரை மணிக்கு அதிபர் பேசிக்கொண்டே கால் மாற்றி நின்றார். பதினொன்றுக்கு மேனுஜா மிஸ் எழுந்தே விட்டார்.

"சேர், அந்த மலசலகூடத்தைக் கொஞ்சம் திறந்து விடுங்க."

அதிபர் அறைக்கு ஓடினார். ஆணி வெறுமை. மேசை லாச்சி, அலுமாரி, எங்கேயும் இல்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"சாவியக் காணல்ல மிஸ்."

"வேற மலசலகூடம் ஒண்டு இல்லையா?"

"பழையத கடல் கொண்டு போயிட்டு."

"அப்ப இந்தப் பிள்ளைகள் எங்க போற?"

றிஸ்னாதான் வாயைத் திறந்தாள்.

"போறல்ல மிஸ். அதுக்காகத் தண்ணியே குடிக்கிறல்ல. எங்கட நுஸ்கா அதாலதான் ஆஸ்பத்திரில கிடக்கா."

மிஸ் அதிபரைப் பார்த்தார். அதிபர் இளநீர் வெட்டிய கத்தியைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு ஓடினார். இரண்டே வெட்டு. பூட்டு மணலில் விழுந்தது.

முதலில் மிஸ். வெளியே அதிபர் தன் முறைக்காக நின்றார், தொடைகளை இறுக்கிக்கொண்டு.

"இனி இதுக்குப் பூட்டு வேணாம் சேர்," மிஸ் வெளியே வந்து சொன்னார். "அடுத்த மாசம் சொல்லாம வருவன். அதுக்குப் பிறகுதான் போட்டிப் புள்ளி."

அதிபர் உள்ளே பாய்ந்தார். சற்று நேரத்தில் நிம்மதியாக வந்து, பொன்னாடை நுனியால் முகத்தைத் துடைத்தார். மூக்கில் ஏதோ இடித்தது. குஞ்சத்தைப் பிரித்தார்.

சாவி.

மெதுவாக நிமிர்ந்து றிஸ்னாவைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், திறந்த கதவிலிருந்து குடிநீர்க் குழாய் வரைக்கும் பெண் பிள்ளைகளின் வரிசை நீண்டிருந்தது.

"இன்னொரு இளநீர் வெட்டட்டா சேர்?" என்றாள்.