கடைசி வரிசை முகத்துக்கு ஒரு மென்பொருள்

1
இது கதையாகப் பிறக்கவில்லை. செஞ்சியில் மின்நூலகத்தைக் கவனிக்கும் சுமலதா, பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க எந்த மென்பொருள் நல்லது என்று ஒரு பக்கக் குறிப்பு கேட்டார். உடனே ஆரம்பித்தேன்: ராஜகிரிக் கோட்டைமேல் அந்திச் சூரியன் மெல்ல... [அடித்தாயிற்று. மென்பொருள் பற்றிய குறிப்பில் சூரியனுக்கு என்ன வேலை?]

2
போட்டியில் இரண்டு மென்பொருள்கள். ஒன்று இட்லிக்கடை. படத்தை முன்கூட்டியே துண்டு துண்டாக நறுக்கி அடுக்கி வைத்திருக்கும். எத்தனை பேர் வந்தாலும் அசராது. ஆனால் நம் டிஸ்கில் இடம் போதாது, மிக நுணுக்கமான துண்டுகளை விட்டுவிட வேண்டும். மற்றது தோசைக்கடை. கேட்டபிறகுதான் வார்க்கும், எவ்வளவு நுணுக்கமாகவும் தரும். கூட்டம் வந்தால் நம் பழைய சர்வர் படுத்துவிடும்.

இட்லி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

3
இங்கேதான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் மீனம்பாள் உள்ளே வந்தார். [நான் கூப்பிடவில்லை.] நூலகத்தில் ஏரி வெட்டிய கூலியாட்களின் கூட்டப் படம் ஒன்று உண்டு. கடைசி வரிசையில் கடுகளவு தெரிபவர் டீச்சரின் அம்மா. டீச்சர் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துபோனவர். வேறு படம் கிடையாது.

இட்லியில் பெரிதாக்கினோம். முகத்துக்குப் பதில் ஒரு சாம்பல் திட்டு.

"இன்னா தம்பி இது? எங்கம்மாவுக்கு மூஞ்சியே இல்ல!"

சுமலதா அன்றே தோசைக்கு மாற்றினார். டீச்சர், தான் பார்ப்பதற்கு முன்பே, சந்தோஷத்தில் சொந்தங்களுக்கு வாட்சப்பில் சொல்லிவிட்டார். பனமலை, தளவானூர் என்று மொத்தச் சொந்தமும் ஒரே நேரத்தில் அந்த ஒரு முகத்தைப் பெரிதாக்க, ஒருவரும் பார்ப்பதற்குள் சர்வர் படுத்தது. [நல்ல சேதியைத் தனியாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.]

4
சொந்தங்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டுச் சுமலதா சர்வரை எழுப்பினார். "ஒருத்தர் பாத்துட்டா அந்தத் துண்ட அது எடுத்து வெச்சுக்கும் டீச்சர். அப்புறம் எல்லாரும் பாக்கலாம். மொதல்ல நீங்க பாருங்க."

டீச்சர் மவுஸைத் தொடவில்லை.

"போட்டோ எடுக்கறப்போ அம்மா கண்ண மூடிட்டிருந்தா? வேற போட்டோ இல்லியே சுமா."

கிண்டலாகப் போய்க்கொண்டிருந்த கதையை இனி எப்படி முடிப்பது?

முடிவு அ: கண்கள் திறந்திருந்தன. [ரொம்ப வசதி.]
முடிவு ஆ: மூடியிருந்தன. டீச்சர் மெதுவாக... [மாட்டேன்.]
முடிவு இ: கரண்ட் போய்விட்டது. [கோழை.]

5
நான் திரையை எட்டிப் பார்த்தேன்.

"தம்பி, நீ வெளிய போ. சுமா, நீயுந்தான்."

சொந்தக் கதையிலிருந்தே என்னைத் துரத்திய முதல் பாத்திரம் இவர்தான். கதவையும் சாத்திவிட்டார். ஆகவே கண்கள் திறந்திருந்தனவா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். வெளியே நின்ற எனக்குக் கேட்டது இவ்வளவுதான்:

"யம்மா... இவ்ளோ சின்னப் பொண்ணா நீ?"